பிரீ-வெட் படிக்கச் சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

ஓஹியோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கத்தில் வசிக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறாள், கால்நடை மருத்துவர் ஆவதென்று முடிவு செய்திருக்கிறாள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில், மொத்தமே 1,700 பேர் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியிலும் ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்காலர்ஷிப் போக அங்கே ஆண்டுக்கு 38,000 டாலர் ஆகும். ஓஹியோ ஸ்டேட்டில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 29,000. அப்பாவுக்குப் பெரியது பிடித்திருக்கிறது, அம்மாவுக்குச் சின்னது. மகள் நன்றாகப் படிப்பவள், ஆனால் வகுப்பில் கை தூக்கமாட்டாள். விலங்குகளோடு பழக்கம் என்று பார்த்தால் ஒரு காப்பகத்தில் 40 மணி நேரம் தன்னார்வ வேலை, அவ்வளவுதான். வீட்டில் நாய் பூனை கிடையாது. எங்கே சேர்ப்பது?

நான் சென்னை வேப்பேரியில் படித்தவன். 17 வயதில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டி நேராகக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குள் போனேன். சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு காளையைக் கயிறு போட்டுப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அதனால் அமெரிக்கா வந்த புதிதில் இந்த 'பிரீ-வெட்' சமாச்சாரம் எனக்குப் பிடிபடவே இல்லை. நான்கு வருடம் ஒரு பட்டம், அதற்குப் பிறகு நான்கு வருடம் கால்நடை மருத்துவம் என்றால், முதல் நான்கு வருடம் எதற்கு? இப்போது 20 வருடமாக மத்திய மேற்கில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று பிரீ-வெட் பிள்ளைகள் வந்து கூடவே நிற்பார்கள். அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி எழுதித்தான் இந்த ஊர் முறை எனக்குப் புரிந்தது. நான் வெட் ஸ்கூல், அதாவது இங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, எதன் தேர்வுக் குழுவிலும் இருந்தவனில்லை. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பிரீ-வெட் என்பது பெரும்பாலான இடங்களில் ஒரு பட்டமே கிடையாது. அது ஒரு வழித்தடத்தின் பெயர். பட்டம் உயிரியலில் இருக்கலாம், விலங்கு அறிவியலில் இருக்கலாம், ஆங்கில இலக்கியத்தில்கூட இருக்கலாம். வெட் ஸ்கூல் கேட்கும் முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு: பொது வேதியியல், ஆர்கானிக் (கரிம வேதியியல்), பயோகெமிஸ்ட்ரி, இயற்பியல், உயிரியல், மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் என்று போகும். வெட் ஸ்கூலுக்கு வெட் ஸ்கூல் பட்டியல் கொஞ்சம் மாறும். பட்டம் முடிக்காமல், முன்தேவைப் பாடங்களை மட்டும் முடித்துவிட்டு விண்ணப்பிக்க விடும் பள்ளிகளும் பல உண்டு. ஆகவே "எங்கள் கல்லூரியில் பிரீ-வெட் இருக்கிறது" என்று வழவழப்பான கையேட்டில் போட்டிருந்தால் அதற்குப் பெரிதாக மயங்க வேண்டாம். எல்லாரிடமும் இருக்கிறது.

இன்னொரு மயக்கம் நம்மவர்களுக்கே உரியது: பெயர். 'எந்தக் கல்லூரி' என்று ஊரில் நாலு பேர் கேட்பார்களே என்ற கவலை. வெட் ஸ்கூலுக்குப் போகும் விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயருக்கு இருக்கும் எடை மிகக் குறைவு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் விஎம்கேஸ் என்ற ஒரே பொது வாசல் வழியாகப் போகின்றன. அங்கே பார்க்கப்படுவது ஜிபிஏ எனும் மதிப்பெண் சராசரி, அதிலும் அறிவியல் பாடங்களின் ஜிபிஏ. சில பள்ளிகள் கடைசியாகப் படித்த 45 கிரெடிட்டை (பாட அலகுகளை) தனியாகப் பிரித்துப் பார்க்கும். அப்புறம் விலங்குகளோடும் கால்நடை மருத்துவர்களோடும் செலவிட்ட நேரம், குறைந்தது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள், நேர்காணல். ஒரு காலத்தில் ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வும் கேட்டார்கள், பெரும்பாலான பள்ளிகள் அதைக் கைவிட்டுவிட்டன. தோல்வியான பாடத்தைத் திரும்ப எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினால் சில கல்லூரிகள் பழையதை அழித்துவிடும். விஎம்கேஸ் அழிக்காது. இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் போடும்.

இங்கே காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். பட்டம் முடித்த கையோடு வெட் ஸ்கூலில் சேர வேண்டுமானால், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் விண்ணப்பத்தை நிரப்பி செப்டம்பர் நடுவில் அனுப்ப வேண்டும். அதாவது நான்கு வருடப் படிப்பில் மூன்று வருட மதிப்பெண்தான் அங்கே போய்ச் சேரும். கடிதம் எழுதப் போகும் பேராசிரியருக்கு உங்கள் மகளைத் தெரிந்திருக்க வேண்டிய நேரம் இரண்டாம் ஆண்டு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வருவதும் பெரும்பாலும் அதே இரண்டாம் ஆண்டு. கிளினிக்கில் வெறுமனே வேடிக்கை பார்ப்பவள் என்ற நிலையிலிருந்து 'இந்தப் பெண்ணிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுக்கலாம்' என்ற நிலைக்கு அவள் வர வேண்டியதும் அப்போதுதான். அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மரங்களையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வராமல், அவளுடைய இரண்டாம் ஆண்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இங்கே எப்படிப் போகும் என்று யோசியுங்கள். காலையில் எத்தனை பேரோடு உட்கார்ந்து ஆர்கானிக் கேட்பாள், மத்தியானம் எந்த விலங்கின் பக்கத்தில் இருப்பாள், சாயங்காலம் சந்தேகம் வந்தால் யாருடைய கதவைத் தட்டுவாள்.

இந்தக் கண்ணால் பார்த்தால் இரண்டு இடங்களும் வேறு மாதிரித் தெரியும்.

ஓஹியோ ஸ்டேட்டின் கொலம்பஸ் வளாகத்தில் இளநிலை மாணவர்களே 40,000-க்கும் மேல். கால்நடை மருத்துவக் கல்லூரி 1885-இல் தொடங்கியது, அதே வளாகத்தில், மருத்துவமனையோடு இருக்கிறது. வளாகத்தின் ஓரத்திலேயே பல்கலைக்கழகத்தின் வாட்டர்மன் பண்ணை. வெட் ஸ்கூல் இருக்கும் இடத்திலேயே படித்தால் அதற்குள் போவது சுலபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளிடம் பேசும் வரை. பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு நோயாளி வந்தால், அதைச் சுற்றி நிற்க முதல் உரிமை நான்காம் ஆண்டு வெட் மாணவர்களுக்கு. பிறகு இன்டர்ன்கள், ரெசிடென்ட்கள் என்று பட்டம் முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள். 19 வயது பிரீ-வெட் மாணவிக்குக் கிடைப்பது கூண்டு கழுவுவது, தீவனம் போடுவது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது. அந்த வேலைக்கும் அங்கே நூற்றுக்கணக்கான பிரீ-வெட் பிள்ளைகள் போட்டி. கூண்டு கழுவுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. நாயின் மலத்தைப் பார்த்து நோயை யோசிக்கப் பழகுவது அங்கேதான். ஆனால் விண்ணப்பத்தில் 'விலங்கு அனுபவம்' ஒரு பெட்டி, 'கால்நடை மருத்துவ அனுபவம்' வேறொரு பெட்டி. மருத்துவரின் மேற்பார்வையில் செய்தது மட்டுமே இரண்டாவது பெட்டிக்குள் போகும். காப்பகத்தில் அவள் செலவிட்ட 40 மணி நேரம், அங்கே மருத்துவரோடு நின்றிருந்தால் ஒழிய, முதல் பெட்டியில்தான்.

சின்னக் கல்லூரி இருக்கும் ஊர்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் சோளக்காட்டு நடுவில் இருக்கும். ஊரில் ஒரே ஒரு கால்நடை மருத்துவர், அல்லது இரண்டு பேர். காலையில் பூனைக்குக் கருத்தடை, மத்தியானம் கன்று திரும்பி மாட்டிக்கொண்ட பசு. இந்த மாதிரிக் கலப்பு கிளினிக்கில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பிள்ளை ஒழுங்காக நேரத்துக்கு வந்து நின்றால், மூன்றாவது வாரம் டிரக்கில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போய்விடுவார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி, முதல் வருடம். பிப்ரவரி மாதம், இரவு பதினொரு மணி, ஒரு கிடேரிக்கு முதல் பிரசவம். கன்றின் காலில் சங்கிலி கட்டி இழுக்கும்போது டார்ச் பிடிக்கத்தான் கூட்டிப் போனேன். கன்று மூச்சு விடவில்லை. நான் சொல்வதற்குள் வைக்கோலை எடுத்து அதன் மூக்கைக் குத்திக் கிளறிவிட்டாள். எங்கோ படித்திருந்தாளாம். கன்று தும்மியது. அவளுக்கு நான் எழுதிய கடிதத்தில் அந்த ஒரு பத்தி போதுமானதாக இருந்தது.

அதே வருடம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து கோடைக்கு வந்த பையனுக்கும் எழுதினேன். கெட்டிக்காரன், அந்தப் பெண்ணைவிட மதிப்பெண் அதிகம். இரண்டு வருடம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு வேலை செய்து, ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயரும் வந்திருந்தது. ஆனால் வகுப்புப் பேராசிரியர் ஒருவரும் அவனுக்கு முகம் பார்த்துக் கடிதம் எழுதும் நிலையில் இல்லை. '310 பேரில் 12-ஆவது' என்று எழுதலாம், அதற்கு மேல் என்ன எழுதுவார்? ஆய்வுக்கூடத்தின் தலைவர் எழுதிய கடிதம்தான் அவனைக் காப்பாற்றியது. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், இரண்டு வழியிலும் போக முடிகிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் பிள்ளை தானாகத் தேடிக்கொள்ள வேண்டியது வேறு. பெரிய இடத்தில் மனிதர்களைத் தேட வேண்டும். சின்ன இடத்தில் பாடங்களையும் வசதிகளையும் தேட வேண்டும்.

இந்த இரண்டாவதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்னக் கல்லூரியில் உயிரியல் துறை என்றால் ஏழெட்டுப் பேராசிரியர்கள் இருப்பார்கள். நுண்ணுயிரியல் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடக்கும். அந்தப் பேராசிரியர் ஆராய்ச்சி விடுப்பில் போனால் அதுவும் நடக்காது. பயோகெமிஸ்ட்ரி இலையுதிர் பருவத்தில் மட்டும், அதுவும் இயற்பியல் லேப் நடக்கும் அதே நேரத்தில். சில வெட் ஸ்கூல்கள் கேட்கும் விலங்கு ஊட்டச்சத்துப் பாடம் பட்டியலிலேயே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்றாம் ஆண்டு வசந்தத்தில்தான் தனக்கு ஒரு பாடம் குறைகிறது என்று கண்டுபிடித்தாள். அவளுடைய ஆலோசகர் மனித மருத்துவத்துக்குப் போகும் பிரீ-மெட் பிள்ளைகளையே பார்த்துப் பழகியவர், வெட் ஸ்கூலுக்கு யாரையும் அனுப்பியதில்லை. கடைசியில் கோடையில் காசு கட்டி ஆன்லைனில் படித்தாள். அவள் விண்ணப்பித்த ஆறு பள்ளிகளில் இரண்டு அந்த ஆன்லைன் பாடத்தை ஏற்கவில்லை. இதைத் தவிர்ப்பது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. அந்தக் கல்லூரியின் கடந்த நான்கு பருவ வகுப்பு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹியோ ஸ்டேட் வெட் ஸ்கூலின் முன்தேவைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். உங்கள் மகளே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்துவிடலாம். அவள் செய்வதுதான் நல்லது.

பள்ளியிலேயே ஏபி என்ற கல்லூரித் தரப் பாடங்களை எடுத்துச் சேர்த்த கிரெடிட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஏபி கெமிஸ்ட்ரி, ஏபி பயாலஜி எடுக்காத பிள்ளையைப் பார்ப்பது அரிது. அதை வைத்து ஒரு வருடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற கணக்கும் கூடவே இருக்கும். சில வெட் ஸ்கூல்கள் ஏபி கிரெடிட்டை அப்படியே ஏற்கும், சில 'அதற்குப் பதில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்துக் காட்டு' என்று சொல்லும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் இந்தக் கணக்கை முதல் பருவத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

பெரிய இடத்தில் இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. 300 பேர் உட்காரும் ஆர்கானிக் வகுப்பு, பிரீ-மெட், பிரீ-டென்டல், பொறியியல் என்று எல்லாக் கெட்டிக்காரர்களும் ஒரே அறையில். கை தூக்காத பெண் அங்கே கை தூக்கப் போவதில்லை. முதல் இடைத்தேர்வில் 58 வாங்கினால் யாரும் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்கமாட்டார்கள். உதவி இல்லாமல் இல்லை. பேராசிரியர் அறை நேரம், பயிற்சி மையம், ஆசிரிய உதவியாளர்கள் எல்லாம் உண்டு. ஆனால் அவளே எழுந்து போக வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சின்னக் கல்லூரியை உண்டாக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: ஹானர்ஸ் திட்டம். சில பாடங்களுக்கு 25, 30 பேர் கொண்ட தனி வகுப்பு, மற்றவர்களுக்கு முன்னால் பாடங்களைப் பதிவு செய்யும் சலுகை. ஆர்கானிக் லேபை நல்ல நேரத்தில் பிடிக்க அந்தச் சலுகை எவ்வளவு உதவும் என்பது இங்கே படித்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். உங்கள் மகளுக்கு ஹானர்ஸில் இடம் கிடைத்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள். விலங்கு அறிவியல் துறையிலேயே பட்டம் எடுத்தால் இன்னொரு சௌகரியம். பல்கலைக்கழகம் பெரிதாக இருந்தாலும் துறை சின்ன ஊர் போலத்தான். பேராசிரியர்களில் பலர் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர்கள், தொழுவத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பிள்ளையின் பெயர் அவர்களுக்கு மறக்காது.

பணத்துக்கு வருவோம். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

வெட் ஸ்கூலின் நான்கு வருடச் செலவு, வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால், வெளிமாநில மாணவருக்குச் சர்வசாதாரணமாக 2 லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. 3 லட்சத்தைத் தொடும் இடங்களும் உண்டு. இதுவரை மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் இருந்தது, எவ்வளவு செலவானாலும் கடன் கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தமாக 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். பல பள்ளிகளில் வெளிமாநிலத்தாருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே அந்த 50,000-ஐத் தாண்டும். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், அல்லது அப்பா அம்மா. ஆக இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவில் இருக்கும் ஆண்டுக்கு 9,000, நான்கு ஆண்டுக்கு 36,000 டாலர் என்பது இளநிலைப் படிப்பின் செலவு மட்டும் இல்லை. வெட் ஸ்கூலில் அந்த உச்சவரம்புக்கு மேல் துண்டு விழப்போகும் பணமும் அதுதான். கடைசி இரண்டு வருடம் வீட்டிலிருந்தே போய் வந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

ஓஹியோவில் குடியிருப்பதே உங்களுக்கு ஒரு சொத்து. நாட்டில் அங்கீகாரம் பெற்ற வெட் ஸ்கூல்கள் 30-க்குச் சற்று மேல்தான். வெட் ஸ்கூலே இல்லாத மாநிலங்கள் பல இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பக்கத்து மாநிலத்தோடு செய்துகொண்ட ஒப்பந்த இடங்களுக்கும் வெளிமாநிலக் கட்டணத்துக்கும் அலைகிறார்கள். உங்கள் மகளுக்கு உள்மாநில இடமும் உள்மாநிலக் கட்டணமும் வீட்டு வாசலில் இருக்கிறது. அது அவள் எங்கே இளநிலை படித்தாலும் மாறாது, பெற்றோர் ஓஹியோவில் இருக்கும் வரை. அதாவது உள்மாநில இடத்துக்காக ஓஹியோ ஸ்டேட்டிலேயே இளநிலையும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விசா நிலை என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) என்றால் மத்திய அரசுக் கடன் எதுவும் கிடையாது, 21 வயது முடிந்ததும் அவள் உங்கள் விசாவிலிருந்து விழுந்துவிடுவாள். வெளிநாட்டு மாணவர்களை எடுக்காத அரசு வெட் ஸ்கூல்களும் உண்டு. அந்த நிலையில் சின்னதா பெரியதா என்ற கேள்விக்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

சின்னக் கல்லூரிகளில் பணத்தின் இன்னொரு முகமும் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்து பல கல்லூரிகள் மூடிக்கொண்டு வருகின்றன. மாசசூசெட்ஸில் பெக்கர் கல்லூரி என்று ஒன்று இருந்தது. கால்நடைப் படிப்புகளுக்குப் பெயர் பெற்றது, வளாகத்திலேயே கிளினிக் வைத்திருந்தது. 2021-இல் மூடிவிட்டார்கள். பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகள் வேறு இடம் தேடி ஓடினார்கள். எல்லாச் சின்னக் கல்லூரியும் அப்படி என்று சொல்லவில்லை. நன்கொடை நிதி பெருத்த கல்லூரிகள் எத்தனையோ உண்டு. ஆனால் உங்களைக் கூப்பிட்டிருக்கும் கல்லூரியில் கடந்த ஐந்து வருடத்தில் மாணவர் எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா, எந்தத் துறையையாவது மூடினார்களா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: ஸ்காலர்ஷிப் தொகை கல்வெட்டு இல்லை. ஓஹியோ ஸ்டேட்டின் கணக்கை இணைத்து, 'எங்களுக்கு உங்கள் கல்லூரி பிடித்திருக்கிறது, இந்த வித்தியாசம்தான் இடிக்கிறது' என்று மரியாதையாக நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கத்தரிக்காய் பேரம் மாதிரித் தோன்றும், கூச்சமாக இருக்கும். இங்கே அது வழக்கம்தான்.

சின்னது என்றால் வெட் ஸ்கூல் இருக்காது, பெரியது என்றால்தான் இருக்கும் என்றும் இல்லை. அலபாமாவில் டஸ்கீகி பல்கலைக்கழகம் சில ஆயிரம் மாணவர்களே கொண்டது. அங்கே 1945-லிருந்து வெட் ஸ்கூல் நடக்கிறது, நாட்டின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பகுதியை உருவாக்கியது அதுதான். வேறு வகைக் குறுக்கு வழிகளும் உண்டு. கான்சாஸ் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் போன்ற இடங்களில், நல்ல மதிப்பெண்ணோடு இளநிலையில் சேரும் பிள்ளைகளுக்கு அப்போதே வெட் ஸ்கூல் இடத்தை ஒதுக்கி வைக்கும் திட்டம் இருக்கிறது. உங்களுக்கு இந்த வருடம் அது கடந்துபோன வண்டி. தங்கையோ தம்பியோ இருந்தால் நினைவில் வையுங்கள்.

'பேசாமல் ஊருக்கே அனுப்பி விடலாமா, வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ படித்துவிட்டு வரட்டும்' என்று யாராவது மாமா சொல்லியிருப்பார். ஐந்தரை வருடத்தில் டாக்டர், செலவும் குறைவு. படிப்பு அருமையானதுதான், எனக்குச் சோறு போட்டது அது. ஆனால் இந்தியக் கல்லூரி எதற்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லை. திரும்பி வந்து தகுதிச் சான்றுக்காகத் தனியாகத் தேர்வுகள் எழுத வேண்டும். அதில் செய்முறைத் தேர்வு மட்டும் மயக்க மருந்து, குதிரை, பண்ணை விலங்கு, பிரேதப் பரிசோதனை, எக்ஸ்ரே, சிறு விலங்கு மருத்துவம், அறுவை என்று ஏழு பகுதி. அதற்காக நான் வேலை பார்த்துக்கொண்டே பட்ட பாட்டை இங்கே பிறந்த பிள்ளைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். நேரடியாக வெட் படிப்பில் சேர வேண்டும் என்றால் எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆகியவை இருக்கின்றன. அமெரிக்க அங்கீகாரம் உண்டு, பள்ளி முடித்ததும் சேரலாம். செலவு மலிவு இல்லை.

சரி, என் முடிவு. நீங்கள் சொன்ன எண்களே இறுதி என்றால் ஓஹியோ ஸ்டேட். பணம் ஒரு காரணம். இரண்டாவது காரணத்தைப் பெற்றோரிடம் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது: அவள் மனம் மாறலாம். பிரீ-வெட் என்று சேரும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் நடுவழியில் வேறு பக்கம் போகிறார்கள். அது தோல்வி இல்லை. உணவு அறிவியல், பொதுச் சுகாதாரம், வனவிலங்கு, ஆய்வுக்கூடம் என்று ஆயிரம் கதவு. பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தக் கதவுகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வீட்டில் ஒரு பிராணிகூட இல்லாமல் வளர்ந்த பெண், கருணைக் கொலை செய்யும் அறைக்குள் இன்னும் நிற்காத பெண், இறைச்சிக் கூடத்தையும் பன்றிப் பண்ணையையும் பார்க்காத பெண். அவளுக்கு மனம் மாற இடம் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் அவளைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு, பெரிய பல்கலைக்கழகம், எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிட்டால் அம்மா பயப்படுவது நடந்தே தீரும். முதல் வருடமே வளாக மருத்துவமனையை நம்பாமல், கொலம்பஸைச் சுற்றி அரை மணி நேரத்தில் இருக்கும் தனியார் கிளினிக் ஒன்றில் வாரம் ஒரு நாள் வேலை பிடிக்க வேண்டும். கிராமத்துப் பக்கம், மாடு குதிரை பார்க்கும் கிளினிக்காக இருந்தால் இன்னும் நல்லது. போன் போட்டால் பாதிப் பேர் முடியாது என்பார்கள். நேரில் போய் நின்றால் யாராவது ஒருவர் 'சனிக்கிழமை வா' என்பார். ஆர்கானிக் எடுக்கும் பேராசிரியரின் அறை நேரத்துக்குச் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை போக வேண்டும். வாய் பேசாத பெண்ணுக்கு 300 பேர் நடுவில் கை தூக்குவதைவிட மூன்று பேர் இருக்கும் அறையில் பேசுவது சுலபம்.

அந்தச் சின்னக் கல்லூரி ஆண்டுச் செலவை 30,000 பக்கம் இறக்கினால், வகுப்பு அட்டவணையில் எல்லா டிக்கும் விழுந்தால், ஊரில் மாடு பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருந்தால், அம்மா சொல்வதைக் கேளுங்கள். நானும் கட்சி மாறிவிடுவேன். அங்கே போனால் ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேர் வெட் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? நூற்றுக்கு 90 என்று சொன்னால், விண்ணப்பிக்க வேண்டாம் என்று எத்தனை பேரை முன்பே தடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். 'நாலு பேர் விண்ணப்பித்தார்கள், மூன்று பேர் போனார்கள், ஒருத்தி அடுத்த வருடம் போனாள், அவள் நம்பர் தரட்டுமா' என்று சொல்லும் ஆலோசகர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

முன்பணம் கட்ட மே 1 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் இரண்டு சனிக்கிழமை அவளை ஏதாவது ஒரு கிளினிக்கில் நிற்க வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து என் ஊர் தூரம்தான், ஆனால் வசந்த விடுமுறையில் கூட்டி வந்தால் என் கிளினிக்கும் திறந்துதான் இருக்கும். பழைய ஜீன்ஸும் ரப்பர் பூட்ஸும் கொண்டுவரச் சொல்லுங்கள், இது கன்று ஈனும் காலம்.